சொல்லும் கருத்தும்: நான்கு தலைமுறை கற்ற ஆங்கிலம்

நூற்றாண்டு மலர் என்றால் கட்டடங்களின் வரலாறும், அதிபர்களின் பணியும், விளையாட்டு வெற்றிகளும், பரிசளிப்பு விழாக்களும் தவறாமல் இடம்பெறும். அவற்றை எழுதத் தகுதியானவர்கள் இம்மலரில் எழுதியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்டது, நாள்தோறும் நாற்பது நிமிடம் எம் எல்லோரையும் வாங்கில் இருத்தி வைத்த ஒரு பாடத்தை. அது ஆங்கிலம். அதிலும் இலக்கியத்தை அன்று. அன்றாடச் சொற்கள், மரபுத்தொடர்கள், ஒன்றுபோல் ஒலித்து மயக்கும் சொற்கள் ஆகியவற்றை எம் பாட்டிமார், தாய்மார், நாம், இன்றைய பிள்ளைகள் ஆகிய நான்கு தலைமுறையினரும் எவ்வாறு கற்றோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எமது தொழில் மருத்துவம். மொழியியலில் எமக்குப் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு சொல்லைத் தவறாக விளங்கிக்கொள்வதால் ஒரு மனிதருக்கு என்ன நேரும் என்பதை இருபது ஆண்டுகளாக விடுதிகளிலும் வெளிநோயாளர் பிரிவிலும் பார்த்து வருகிறோம். அந்தக் கண்ணோடுதான் இந்த வரலாற்றையும் பார்க்கிறோம். 'நாம்' என்று எழுதும்போது எம்முடன் அதே வகுப்பறையில் இருந்த தோழியரையும் சேர்த்தே எழுதுகிறோம்.

பள்ளிக்கூடம் இல்லாமல் வந்த சொற்கள்

பிறமொழிச் சொற்களைக் கற்பது யாழ்ப்பாணத்தவருக்கு ஆங்கிலத்தோடு தொடங்கிய வேலையல்ல. 1619 முதல் போர்த்துக்கேயரும், 1658 முதல் ஒல்லாந்தரும் இங்கு ஆண்டனர். அவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் போகவில்லை. நாம் இருந்த வாங்கும் கதிரையும், புத்தகம் வைத்த மேசையும் அலுமாரியும், காற்று வந்த யன்னலும், காலிற் போட்ட சப்பாத்தும் போர்த்துக்கேய வழி வந்தவை. அப்பா வேலைக்குப் போன கந்தோரும், பென்சில் வைத்த லாச்சியும், அம்மா கறிக்கு வெட்டிய போஞ்சியும் ஒல்லாந்த வழி வந்தவை. இவற்றை எவரும் சொல்வதெழுதல் எழுதிப் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டலிற் பிழைவிட்டு எவரும் குட்டு வாங்கவும் இல்லை. பொருள் வீட்டுக்கு வந்தது, பெயரும் கூடவே வந்தது.

ஆங்கிலம் வந்த வழி வேறு. அது பள்ளிக்கூடத்தின் வழியாக, பரீட்சையோடும் சம்பளத்தோடும் சேர்ந்து வந்தது. அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிற் செமினரியை 1823இல் தொடங்கினர். அடுத்த ஆண்டே, 1824இல், உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. 1833இல் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் வந்து, அரச சேவைக்கு ஆங்கிலமே வாசல் என்றாயிற்று. அதன்பின் ஆங்கிலம் படித்தவர் கந்தோருக்குப் போனார். படிக்காதவர் வயலுக்கும் கடலுக்கும் போனார். வட்டுக்கோட்டையிற் படித்த இளைஞர்கள் மதப்பணியை விட அரச வேலையையே நாடுகிறார்கள் என்று மிசனின் தலைமையிடம் கருதியதும் 1855இல் அந்தச் செமினரி மூடப்பட்டதற்கு ஒரு காரணம்.

அந்த நூற்றாண்டில் எதிர்த்திசையிலும் ஒரு கற்றல் நடந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வந்தவர்கள் எம் சொற்களைக் கொப்பியில் எழுதிப் படித்தார்கள். பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1840களில் வெளியிட்டார். 1874இல் சென்னையில் வந்த அதன் பிந்திய பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தமிழ் – ஆங்கில அகராதி முயற்சியை வின்ஸ்லோ பாதிரியார் நிறைவுசெய்து 1862இல் வெளியிட்டார். அறுபத்தேழாயிரம் சொற்கள் வரை அதில் உண்டு. ஒரு மொழியின் அன்றாடச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் தெரியாமல் அந்த மொழிக்காரரின் மனத்தில் நுழைய முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

எம் தொழிலைச் சேர்ந்த ஒருவரை இங்கு நினைவுகூர வேண்டும். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் படிப்பித்தார். பின்னர், தமிழிற் படித்த வைத்தியரே தமிழ்க் கிராமத்தில் தங்கி வேலை செய்வார் என்று கண்டு, தமிழிற் படிப்பிக்கத் தொடங்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. ஆங்கிலத்தில் ஒரு பெயர். அதற்குத் தமிழில் எந்தப் பெயர்? இருக்கும் சொல்லைக் கொள்வதா, வடசொல்லை எடுப்பதா, ஒலியை அப்படியே எழுதுவதா? 'கெமிஸ்தம்' என்ற தலைப்பே அவர் பட்ட பாட்டைச் சொல்லும். நூற்றைம்பது ஆண்டு கழித்தும் விடுதியில் நோயாளிக்கு ஒரு நோயை விளக்கும்போது நாம் படும் பாடு அதுவேதான்.

பாட்டிமார் காலம்: காசு கட்டிப் படித்த சொல்

எமது சங்கம் தோன்றிய 1920களில் இந்நாட்டில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. தாய்மொழிப் பாடசாலையில் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலப் பாடசாலைக்குக் காசு கட்ட வேண்டும். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் என்றால் ஆங்கிலத்துக்கு அனுப்பப்படுபவர் பெரும்பாலும் மூத்த ஆண்பிள்ளை. பெண்பிள்ளைக்கும் காசு கட்டிய தகப்பனை ஊரார் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அக்காலத்தில் எமது பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் அந்தப் பார்வையைத் தாண்டி வந்தவர்கள்.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. 1892இல் பெண்களுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் கதவு திறந்திருந்தாலும் அதற்கு முன்னால் ஆங்கிலம் என்ற படி இருந்தது. அந்தப் படியைக் கட்டிக்கொடுத்தவை பெண்கள் பாடசாலைகளே. வைத்தியராக, ஆசிரியையாக, தாதியாக வெளியே போன முதல் தலைமுறைப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் ஆங்கில வகுப்பு உண்டு.

அவ்வகுப்பு எப்படி நடந்தது? நெஸ்பீல்ட் இலக்கணம் பலருக்கு வேதம்போல் இருந்தது. பழமொழிகளை மனனம் செய்ய வேண்டும். ஆண்பால் பெண்பால், ஒருமை பன்மை, விலங்குகளின் குட்டிகளுக்கு ஒவ்வொரு பெயர், கூட்டங்களுக்கு ஒவ்வொரு பெயர் என்று வாய்ப்பாடுபோல் ஒப்புவிக்க வேண்டும். வாழ்நாளிற் பனிமழையைக் காணாத பிள்ளைகள் பனிமழையின் வெண்மையை உவமையாகச் சொன்னார்கள். நாட்டின் பல ஆங்கிலப் பாடசாலைகளில், பாடசாலை நேரத்திலே தாய்மொழியிற் பேசினால் தண்டம் அறவிட்டார்கள். சொல்லைத் திருத்தமாக உச்சரிக்கப் பழகிய அந்தத் தலைமுறை, அதற்காகச் சொந்தச் சொல்லுக்குக் காசு கட்டியது என்பதும் வரலாறே. எண்பது வயதைத் தாண்டிய எம் பாட்டிமார் ஆங்கிலச் செய்தித்தாளைக் கண்ணாடி போட்டு வாசித்ததையும், முகவரியைச் சரித்த எழுத்தில் அழகாக எழுதியதையும் நம்மிற் பலர் பார்த்திருக்கிறோம். அது அந்த வகுப்பறையின் பயன். பக்கத்து வீட்டில், காசு கட்ட முடியாததால் ஐந்தாம் வகுப்போடு நின்ற அவர்களின் வயதுப் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் அதே மூச்சிற் சொல்ல வேண்டும்.

தாய்மார் காலம்: ஆங்கிலம் ஒரு பாடமானது

கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்ரோபர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில், கல்வி மொழி பற்றி அரசாங்க சபையில் நடந்த விவாதத்திலே, சிங்களத்தோடு தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை வி. நல்லையா அவர்கள் கொண்டுவந்தார். படிப்படியாகத் தாய்மொழி பயிற்று மொழியாயிற்று. காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் விஞ்ஞானம் படிக்கலாம் என்ற நிலை வந்தது. வைத்தியர்களாகிய நம்மிற் பலர் அந்த ஏற்பாட்டின் பிள்ளைகள். அதைக் குறைத்துப் பேச எமக்கு உரிமையில்லை.

ஆனால் ஆங்கிலத்தின் நிலை மாறியது. முன்பு அது படிப்பின் மொழி. இப்போது ஒரு பாடம். முன்பு கணக்கும் பூகோளமும் அந்த மொழியில் வந்ததால் சொற்கள் நாள் முழுதும் காதில் விழுந்தன. இப்போது நாற்பது நிமிடம் முடிய மணி அடித்தால் ஆங்கிலமும் முடிந்தது. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்ற சட்டம் வந்தபின், அரச வேலைக்கு ஆங்கிலம் இருந்த இடத்திலே தமிழ்ப் பிள்ளை அறியாத இன்னொரு மொழி வந்து நின்றது. ஆங்கிலத்தில் நன்றாகப் படித்திருந்த தாய்மார் சிலர் வேலையிற் பதவி உயர்வின்றி இருந்ததும், சிலர் வேலையை விட்டதும் எம் குடும்பக் கதைகளிலேயே உண்டு.

இதே காலத்தில் தமிழிலே பெரிய வேலை ஒன்று நடந்தது. அரச கரும மொழித் திணைக்களம் துறை துறையாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. நாடி, நாளம், இழையம், என்பு, குருதி, செங்குழியம், நொதியம் என்று நாம் உயர்தரத்திற் படித்த சொற்களெல்லாம் அந்த உழைப்பின் பயன். தமிழகத்திற் படித்தவர்கள் 'தமனி', 'சிரை' என்பார்கள். நாம் 'நாடி', 'நாளம்' என்போம். இரண்டும் தமிழே.

வகுப்பறையில் ஆங்கிலத்தைத் தாங்கிப்பிடித்தவை சில புத்தகங்களும் சில ஆசிரியைகளும். புத்தகங்களில் ஒன்றை எம் தாய்மாரும் நாமும் ஒருங்கே அறிவோம். அங்கஸ் மக்கைவர் எழுதி 1938இல் கிளாஸ்கோவிலிருந்து வெளிவந்த 'பெர்ஸ்ட் எய்ட் இன் இங்கிலிஷ்'. பெயரைப் பார்த்து அதை மருத்துவ நூல் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அதுவும் ஒரு முதலுதவிதான். உவமைகள், பழமொழிகள், எதிர்ச்சொற்கள், ஒலி ஒன்றாகி எழுத்தும் பொருளும் வேறான சொற்கள் என எல்லாம் நிரல் நிரலாக அதில் இருந்தன. ஸ்கொத்லாந்துப் பிள்ளைக்காக எழுதிய பட்டியலை யாழ்ப்பாணத்துப் பிள்ளை பாடமாக்கினாள்.

எம் காலம்: விளக்கும் பட்டியலும்

1990களில் நாம் படித்த காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு எண்ணெய் விட்டு எரித்த விளக்குகளை இம்மலரை வாசிக்கும் எம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். பற்றறி தடைசெய்யப்பட்டிருந்ததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஆங்கிலம் எங்கும் காதில் விழாத காலம் அது. பல பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இல்லை. இருந்தவர்களும் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துப் படிப்பித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, பொதிக்குள் எதை வைப்பது எதை விடுவது என்று பார்த்துப் பாடக் கொப்பிகளை வைத்தவர்கள் நாம். தென்மராட்சியில் மரத்தடியில் வகுப்பு நடந்தது.

கேட்கவும் பேசவும் வழியில்லாதபோது மொழி பட்டியலாகிவிடும். எம் ஆங்கிலக் கொப்பியில் இரண்டு நிரல்கள்: இடப்பக்கம் சொல், வலப்பக்கம் கருத்து. ரீச்சர்மார் தம்மால் இயன்ற அளவு குறிப்புகள் சொல்லித் தந்தார்கள். 'பிரின்சிபல்' என்று ஒலிக்கும் இரண்டு சொற்களில் அதிபரைக் குறிப்பது 'பால்' என்று முடியும். 'பால்' என்றால் தோழர், அதிபர் உங்கள் தோழர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்ரேஷனரி' என்று ஒலிக்கும் இரண்டில் எழுதுபொருளைக் குறிப்பதற்கு ஈ எழுத்து வரும். 'என்வலப்' ஈயிலே தொடங்கும் அல்லவா? பாலைவனத்துக்கு ஓர் எஸ். சாப்பாட்டின் பின்னான இனிப்புக்கு இரண்டு எஸ், ஏனெனில் இனிப்பை இரண்டாந்தரமும் கேட்போம். எம் வகுப்பிற் படித்த எவரும் இன்றும் இவற்றில் தவறமாட்டார்கள்.

ஒலி மயக்கத்தைவிடக் கடினமானது தமிழின் வழியே வரும் மயக்கம். தமிழில் 'இரவல்' என்ற ஒரே சொல்லோடு 'வாங்கு', 'கொடு' என்று சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் 'பொறோ' வேறு, 'லென்ட்' வேறு. 'எனக்குப் பேனையைப் பொறோ பண்ணு' என்று நூறு தரம் வகுப்பிற் கேட்டிருக்கிறோம். 'சொல்லு' என்ற ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'சே', 'ரெல்', 'ஸ்பீக்', 'ரோக்' என்று நான்கு. 'பார்' என்ற ஒன்றுக்கு 'சீ', 'லுக்', 'வோச்' என்று மூன்று. பட்டியலில் இவை எல்லாவற்றுக்கும் கருத்து ஒன்றுதான். எந்த இடத்தில் எது வரும் என்பது முழு வாக்கியத்திலேதான் தெரியும். பட்டியலுக்கு அது தெரியாது.

மரபுத்தொடர்கள் எமக்கு விளையாட்டாக இருந்தன. ஆங்கிலேயர் ஒரு கல்லால் இரண்டு பறவையைக் கொல்வார்கள்; நாம் ஒரு கல்லில் இரண்டு மாங்காயை விழுத்துவோம். அவர்கள் நிலக்கரி வெட்டும் நியூகாசிலுக்கே நிலக்கரி கொண்டுபோவார்கள். நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்போம். அவர்களுக்கு நாயும் பூனையுமாக மழை பெய்யும். எமக்குப் பேய் மழை. இப்படி ஒப்பிட்டுப் படிப்பித்த ரீச்சரின் வகுப்பில் எவரும் நித்திரை கொள்ளவில்லை. பழமொழி மொழிக்கு மொழி மாறினாலும் அதன் பின்னுள்ள புத்தி மாறுவதில்லை என்பதை அங்குதான் கண்டோம். அதே ரீச்சர் இன்னொன்றும் சொன்னார்: நாயும் பூனையும் பரீட்சைக் கட்டுரையில்தான் விழும், லண்டனில் மழை பெய்தால் அப்படி எவரும் சொல்வதில்லை. அது எவ்வளவு உண்மை என்பதை அங்கு போன தோழியர் பின்னர் எழுதினார்கள்.

மருத்துவபீட வாசலில்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. நாட்டின் ஏனைய மருத்துவபீடங்களைப்போல் அங்கும் படிப்பு ஆங்கிலத்தில். உயர்தரம் வரை விலங்கியலும் இரசாயனவியலும் தமிழிற் படித்து, மாவட்டத்திற் சிறந்த புள்ளிகளோடு வந்த பிள்ளைகள் முதல் விரிவுரையில் மௌனமாக இருப்பார்கள். அறிவு குறைந்ததால் அல்ல. 'நாளம்' தெரியும், 'வெயின்' என்று விரிவுரையாளர் சொல்வது அதுவே என்று காது பிடிக்கவில்லை. முதலாம் ஆண்டு முழுவதும் இரட்டைப் படிப்பு: பகலில் உடற்கூறு, இரவில் அகராதி. கேள்வி கேட்க மனத்தில் விடயம் இருந்தும், வாக்கியம் சரியாக வருமோ என்ற பயத்தில் கையைக் கீழே விட்டவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் என்பதையும் நாம் அங்கு பார்த்தோம்.

மயக்கும் சொற்கள் அங்கே வேறு முகம் காட்டின. 'இலியம்' என்று ஒலிக்கும் சொல் இரண்டு உண்டு: ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி, மற்றது இடுப்பெலும்பின் ஒரு பகுதி. எழுத்தில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. 'டிஸ்பேஜியா' விழுங்க முடியாமை. 'டிஸ்பேஷியா' பேச்சுத் தடுமாற்றம். 'ஹைப்பர்' என்றால் மிகை, 'ஹைப்போ' என்றால் குறைவு. சலரோகக்காரருக்குக் குருதியிற் சீனி கூடினால் ஒரு வைத்தியம், குறைந்தால் அதற்கு நேர்மாறான வைத்தியம். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லும்போது அந்த இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே கேட்கும்.

எண்களும் அப்படித்தான். 'பிப்ரீன்', 'பிப்ரி': பதினைந்தும் ஐம்பதும். எமது நாக்குக்கு இறுதி மெய் தெளிவாக வராது, கேட்பவருக்கும் தெளிவில்லை. ஆகவேதான் மருந்தளவைச் சொல்லும்போது 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லவும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவும் பழக்குகிறார்கள். மைக்கிரோகிராமைச் சுருக்கி எழுதாமல் முழுச் சொல்லாக எழுதச் சொல்வதும் இதனால்தான். சுருக்கத்தை மில்லிகிராம் என்று வாசித்தால் அளவு ஆயிரம் மடங்காகும். சொல்வதெழுதலில் ஒரு எழுத்துப் பிழைக்கு ஒரு புள்ளி போகும். விடுதியில் அப்படியில்லை.

இன்னொரு மயக்கம் எவரும் எமக்குப் பட்டியலிட்டுத் தராதது. ஆங்கிலத்தில் ஐந்தாண்டு மருத்துவம் படித்துவிட்டு விடுதிக்குள் போனால் நோயாளி தமிழிற் பேசுவார். பாடப்புத்தகத் தமிழில் அல்ல. பாடப்புத்தகத்தில் 'நாடி' என்றால் குருதிக்குழாய். நோயாளிக்கு 'நாடி' என்றால் கையைப் பிடித்துப் பார்ப்பது. விழுந்த சிறுவனின் தாய் 'நாடியிலை அடிபட்டுப்போச்சு' என்றால் அது மோவாய். 'விறைக்குது' என்பவருக்கு உணர்வில்லாமையும் இருக்கலாம், இறுக்கமும் இருக்கலாம், குளிரும் இருக்கலாம். கேட்டுத்தான் அறிய வேண்டும். 'முட்டு', 'நாரிப்பிடிப்பு', 'செங்கமாரி', 'நெருப்புக்காய்ச்சல்', 'கூகைக்கட்டு', 'சின்னமுத்து' ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் நேர் பெயர் உண்டு. ஆனால் 'நெஞ்சுக்கை ஏதோ அந்தரமாய்க் கிடக்குது' என்பதற்கு எந்தப் பெயர்? அது வாய்வாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுமையாகக் கேட்டு, இன்னும் இரண்டு கேள்வியை அவர் மொழியிற் கேட்பவர் நல்ல வைத்தியர். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழ் கற்றது இதற்காகத்தான்.

கடல் கடந்தபின்

எமது பழைய மாணவியர் இன்று லண்டன், ரொறன்ரோ, சிட்னி, ஒஸ்லோ என்று எங்கும் உள்ளனர். பிரித்தானியாவில் வைத்தியர்களாக வேலை செய்யப் போன தோழியருக்குப் பாடநூலாங்கிலம் கைகொடுத்தது. நோயாளியின் ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. 'நேற்றிரவு சிக்காக இருந்தேன்' என்று ஒருவர் சொன்னால், சுகமில்லாமல் இருந்தார் என்று நாம் நினைப்போம். அங்கே அதற்குச் சத்தி எடுத்தார் என்று பொருள். 'வோட்டர்வேர்க்ஸ்' பிழை என்றால் நீர்க்குழாய் உடைந்ததல்ல, சலம் போவதிற் கோளாறு. 'பனி ரேர்ன்' வந்தது என்றால் சிரிப்பு வந்ததல்ல, திடீரென்று தலைச்சுற்றோ மயக்கமோ வந்தது. இங்கே 'பாஸ் அவுட்' ஆனேன் என்றால் பட்டம் பெற்று வெளியேறினேன் என்பது; அங்கே மயங்கி விழுந்தேன் என்பது. நேர்முகப் பரீட்சையில் 'எந்த ஆண்டு பாஸ் அவுட் ஆனேன்' என்று பெருமையோடு சொன்ன தோழியைக் கேள்வி கேட்டவர் கவலையோடு பார்த்தாராம்.

ஆனால் இதன் கனமான பக்கம் எம் தாய்மாரிடம் இருக்கிறது. அறுபது வயதுக்குமேற் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்த தாய்மார், 'வருத்தம்' என்ற சொல்லையும் 'நோ' என்ற சொல்லையும் வைத்துக்கொண்டு அந்நிய வைத்தியர்முன் இருக்கிறார்கள். 'நோ' என்று அம்மா சொல்ல, இல்லை என்கிறார் என்று வைத்தியர் எடுத்துக்கொண்ட கதை கேட்கச் சிரிப்பாக இருக்கும், அம்மாவுக்குச் சிரிப்பில்லை. பேரப்பிள்ளை மொழிபெயர்க்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பாட்டியின் கருப்பை பற்றியும் மனச்சோர்வு பற்றியும் மொழிபெயர்க்கத் தமிழிலும் சொல்லில்லை, பாட்டிக்கும் சொல்ல மனமில்லை. அங்கே நோய் சொல்லப்படாமலே போய்விடுகிறது.

இன்றைய பிள்ளைகள்

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 2000களின் தொடக்கத்தில் அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் ஆங்கில மொழிமூல வகுப்புகள் மீண்டும் வந்தன. இன்றைய பிள்ளையின் கையில் தொலைபேசி உண்டு. நாம் கேட்க ஏங்கிய ஆங்கிலம் அவள் காதிலே நாள் முழுதும் ஒலிக்கிறது. ஆனால் நகரத்துப் பாடசாலைக்கும் தீவுப்பகுதிப் பாடசாலைக்கும் இடையே, ரியூசனுக்குக் காசு கட்டுபவருக்கும் கட்ட முடியாதவருக்கும் இடையே, 1945இற்கு முன் இருந்த அந்தப் பழைய கோடு மெல்ல மெல்ல மறுபடி விழுகிறது. காசு கட்டிப் படிக்கும் சொல்லாக ஆங்கிலம் திரும்பவும் மாறுமானால், எம் பாட்டியின் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதையே திரும்பவும் நடக்கும்.

நான்கு தலைமுறை கற்ற முறைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எமக்குச் சில விடயங்கள் தெளிவாகின்றன. தனிச்சொல் மனத்தில் நில்லாது, வாக்கியம் நிற்கும். 'பொறோ' என்பதற்குக் கருத்து எழுதுவதை விட, நூலகத்தில் நான் எடுத்த புத்தகம், தோழிக்கு நான் கொடுத்த பேனை என்று இரண்டு வாக்கியம் எழுதினால் அந்த மயக்கம் தீரும். மயக்கும் சொற்களை இரண்டையும் ஒரே நாளிற் பக்கம் பக்கமாகப் படித்தால் மயக்கம் கூடும். ஒன்றை நன்றாகப் பழகியபின் மற்றதை எடுப்பது நல்லது. மரபுத்தொடரைப் பேச்சில் அள்ளிப் போடத் தேவையில்லை. பிறர் சொல்லும்போது விளங்கினால் போதும். பிழைவிடும் பிள்ளையைப் பார்த்து வகுப்புச் சிரித்தால் அவள் வாய் அன்றோடு மூடிக்கொள்ளும். மருத்துவபீடத்திற் கையைக் கீழே விட்ட பெண் அங்குதான் உருவானாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லை அறிந்த பிள்ளை இரண்டு மொழியிலும் நிற்பாள். தமிழை விற்று ஆங்கிலம் வாங்கத் தேவையில்லை.

சங்கத்தின் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோளுடன் நிறைவுசெய்கிறோம். பரிசுகளும் கணினிகளும் நீங்கள் தாராளமாக அனுப்புகிறீர்கள். அவற்றோடு வாரத்தில் அரை மணிநேரத்தையும் தாருங்கள். ஒரு பழைய மாணவி, இரண்டு பிள்ளைகள், தொலைபேசியில் ஆங்கிலத்திற் சாதாரணக் கதை. இன்று என்ன சமைத்தீர்கள், பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதுபோல. எமக்குக் கிடைக்காதது அதுதான்.

கைமாறாக அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுப்போம். தத்தம் ஊரிலே முதியவர்கள் நோயைச் சொல்லும் சொற்களைக் கேட்டு எழுதட்டும். வெளிநாட்டில் உள்ளவர்கள் ஒவ்வொன்றுக்கும் அங்குள்ள வைத்தியருக்கு விளங்கும் ஆங்கிலத்தைச் சேர்க்கட்டும். மருத்துவராக உள்ள பழைய மாணவியர் சரிபார்ப்போம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் ஒரு சிறு கைந்நூல் ஆக்கிவிடலாம். எந்த நாட்டிலும் எந்த அம்மாவின் கைப்பையிலும் அடங்கும். சொற்களை அனுப்புவோர் ஊரின் பெயரையும் எழுதுங்கள். ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் கருத்து மாறும் என்பதை மேலே கண்டோம்.